பல்லைப் பிடித்துப் பார்ப்பது

மாடு வாங்கப் போகிறவர் முதலில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். கொம்புக்கு வர்ணம் பூசியிருக்கலாம். கழுத்தில் சலங்கை கட்டியிருக்கலாம். தரகர் வாய் ஓயாமல் புகழ்ந்துகொண்டிருக்கலாம். இவற்றில் எதற்கும் அவர் மயங்குவதில்லை. எத்தனை பல் விழுந்து முளைத்திருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். வயசைச் சொல்லும் விஷயத்தில் பல் பொய் சொல்லாது என்பது சந்தைக்குப் போகிற எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

உள்ளங்கையில் அடங்கும் பழைய பொம்மைக் கார்களுக்கும் இப்படி ஒரு பல் உண்டு. அதுதான் சக்கரம்.

இந்தக் கார்களில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். நாவல் எழுதுகிறவனுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ராயபுரத்தில் வசிப்பவனுக்கு இந்தப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாடியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிகின்றன. ஒரு காலத்தில் இந்தத் தெருக்களில் வீட்டுக்கு ஒருவர் கப்பலிலோ, கப்பல் சரக்கிலோ வேலை பார்த்தார்கள். லண்டனிலும் ஹாங்காங்கிலும் வாங்கிய சின்னஞ்சிறு கார்கள் கப்பல்காரர்களின் பைகளில் இங்கே வந்து இறங்கின. இன்னும் பல வீடுகளில், பரணில் உள்ள டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தால் ஒன்றிரண்டு உருண்டு விழும். அவற்றை எடுத்துக்கொண்டு, "இது எந்த வருஷத்து வண்டி, சார்?" என்று என்னிடம் சிலர் வருகிறார்கள். நான் காரைத் தலைகீழாகத் திருப்பி, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சக்கரத்தைத்தான் பார்ப்பேன்.

காரின் உடம்பைப் பார்த்து வயசு சொல்ல முடியாதா என்று கேட்கலாம். முடியாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. இவை துத்தநாகக் கலவையை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்க்கப்படுபவை. ஓர் எஃகு அச்சைச் செதுக்குவதற்கு ஆகும் செலவு கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே செய்த அச்சை லேசில் தூக்கி எறிய மாட்டார்கள். ஐந்து வருஷம், பத்து வருஷம் அதிலேயே வார்ப்பார்கள். தேவையானால் வேறு வர்ணம் அடிப்பார்கள். கம்பெனி நொடித்துப்போனால் அச்சுகளை வேறு தேசத்துக்கு விற்பார்கள். அங்கே மறுபடியும் அதே கார் பிறக்கும். இப்படி உடம்பு ஒரே மாதிரி இருந்துகொண்டிருக்க, சக்கரம் மட்டும் காலத்துக்குத் தக்கபடி மாறிக்கொண்டே வரும்.

வண்டி வேறு, உடம்பு வேறு என்பதை வடசென்னைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது; 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அந்தத் தொழிற்சாலையிலிருந்து கூரையும் கதவும் இல்லாத வெறும் சாஸிகள் வரிசையாக நெடுஞ்சாலையில் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எஞ்சின், சக்கரம், திறந்த வெளியில் ஓர் ஆசனம், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காற்றை எதிர்த்து உட்கார்ந்திருக்கும் டிரைவர், அவ்வளவுதான். உடம்பு அப்புறம் வேறு ஏதோ ஊரில் கட்டப்படும். பொம்மைக் கார்களில் கதை நேர்மாறு. அங்கே உடம்பு நிரந்தரம்; சக்கரம்தான் பின்னால் வந்து சேருவது.

இந்தப் பொம்மைகளில் நம் ஊரில் அதிகம் அகப்படுவது 'மேட்ச்பாக்ஸ்'. பெயருக்குத் தீப்பெட்டி என்று அர்த்தம். லண்டனில் 1947-ல் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரண்டு நண்பர்கள், பெயர் ஒன்றானாலும் உறவினர் அல்லாதவர்கள், 'லெஸ்னி' என்று ஒரு வார்ப்படக் கம்பெனியைத் தொடங்கினார்கள். இருவர் பெயரிலும் பாதிப் பாதியை ஒட்டவைத்ததுதான் அந்தப் பெயர். ஜாக் ஓடெல் என்ற கெட்டிக்காரத் தொழிலாளி அவர்களோடு சேர்ந்தார். ஓடெலின் மகள் படித்த பள்ளிக்கூடத்தில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று ஒரு விதி. அதற்காக அவர் பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1953-ல் கடைக்கு வந்த மேட்ச்பாக்ஸ் வரிசை. அதே வருஷம் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்காக அவர்கள் செய்த சின்ன ரதம் பத்து லட்சத்துக்கு மேல் விற்று, கையில் முதலையும் கொடுத்தது.

திருவொற்றியூருக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. அங்கே நிஜமான தீப்பெட்டி செய்த விம்கோ தொழிற்சாலையின் பெயரைத்தான் விம்கோ நகர் ரயில் நிலையம் தாங்கி நிற்கிறது. 2021-ல் வந்த மெட்ரோவும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. கப்பலில் வந்த தீப்பெட்டிக் காரும், உள்ளூர்த் தீப்பெட்டியும் ஒரே வீட்டு அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கும். அளவு சரியாக இருக்கிறதா என்று யாராவது ஒரு பையன் போட்டுப் பார்க்காமலா இருந்திருப்பான்?

இனி சக்கரத்துக்கு வருவோம். மேட்ச்பாக்ஸின் ஆரம்ப வருஷங்களில் சக்கரமும் உலோகம்தான். மேஜைமேல் ஓட்டினால் கடகடவென்று சத்தம் போடும். 1950-களின் பிற்பகுதியில் உலோகம் போய், சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சக்கரம் வந்தது. சில கார்களுக்குக் கொஞ்ச காலம் வெள்ளி நிறப் பிளாஸ்டிக்கும் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் வந்து நிலைத்தது. இது மூன்றாவது பருவம். ஒரே வார்ப்பில் பிறந்த கார், முதலில் சாம்பல் காலோடும் பிறகு கறுப்புக் காலோடும் கடைக்கு வந்திருக்கும். உடம்பைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். காலைப் பார்த்தால் அண்ணன் தம்பி.

இதற்குள்ளும் நுட்பங்கள் இருக்கின்றன. பிளாஸ்டிக் சக்கரத்தின் ஓரத்தில் டயரின் பட்டை போலச் சின்னச் சின்ன மேடுகள் வார்த்திருப்பார்கள். அந்த மேடுகளைச் சேகரிப்பவர்கள் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். சிலவற்றில் 24 இருக்கும், சிலவற்றில் 36, நெருக்கமாக வார்த்தவற்றில் 45. மாட்டுச் சந்தை ஞாபகம் வருகிறதா? இது சாட்சாத் பல் எண்ணுகிற வேலையேதான்.

அடுத்தபடியாக ஆக்ஸில் கம்பியின் முனையைப் பார்க்க வேண்டும். ஆரம்பக் கார்களில் கம்பியின் நுனியை இடுக்கியால் நசுக்கினாற்போல் தட்டையாக அழுத்தியிருப்பார்கள். 1950-களின் முடிவில் அதை மாற்றி, ரிவிட் அடித்த மாதிரி உருண்டைத் தலையாக்கினார்கள். நசுங்கிய நுனியுள்ள கார் மூத்தது. இதில் இன்னொரு பிரயோஜனமும் உண்டு. விலை ஏற்றுவதற்காகச் சிலர் புதுக் காருக்குப் பழைய சக்கரத்தை மாட்டி விற்கிறார்கள். சக்கரத்தை மாற்ற வேண்டுமானால் ஆக்ஸிலின் ஒரு நுனியையாவது அறுக்க வேண்டும். அறுத்த நுனியை எவ்வளவு சாமர்த்தியமாக ராவி மூடினாலும் பூதக்கண்ணாடிக்கு அது தெரிந்துவிடும். ஆகவே பல்லைப் பார்த்தபிறகு ஈறையும் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மேட்ச்பாக்ஸுக்கு மூத்த ஜாதி ஒன்று உண்டு: லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி செய்த 'டிங்கி'. இவை 1930-களிலேயே தொடங்கியவை. அளவில் கொஞ்சம் பெரியவை. உலோக வட்டின்மேல் ரப்பர் டயர் மாட்டியவை. யுத்தத்துக்கு முன் அந்த வட்டு வழவழவென்று இருக்கும்; பெரும்பாலும் டயர் வெள்ளை. யுத்தம் முடிந்து மறுபடி உற்பத்தி தொடங்கியபோது வட்டின் நடுவில் வளையமாக ஒரு மேடு வந்துவிட்டது, டயர் கறுத்துவிட்டது. ஓர் உலக யுத்தம் ஒரு விரல்நகம் அளவுள்ள சக்கரத்தின்மேல் இப்படிக் கோடு கிழித்திருக்கிறது. எண்ணூரில் பூட்டிய அதே ஆஸ்டின் ஏ-40-ஐ டிங்கியும் 1949-ல் பொம்மையாகச் செய்தார்கள். அதன் சக்கரத்தைத் தடவிப் பார்த்தால் அந்த வளைய மேடு விரலில் தட்டும்.

யுத்தத்துக்கு முந்திய டிங்கிகளுக்கு ஒரு வியாதியும் உண்டு. துத்தநாகக் கலவையில் துளி ஈயம் கலந்துவிட்டாலும் போதும், வருஷங்கள் கழித்து உலோகம் தானாகவே வெடித்து மாவாகிவிடும். சக்கரங்களும் இதற்குத் தப்புவதில்லை. அப்படிப்பட்ட காரைத் தொடவே பயமாக இருக்கும்.

பழைய டிங்கி அச்சுகளில் சில இந்தியாவுக்கே வந்து சேர்ந்தன. வெளிநாட்டுச் சாமான்களை இறக்குமதி செய்வதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த காலம். 1960-களின் கடைசியில் கல்கத்தாவில் ஒரு கம்பெனி அந்த அச்சுகளை வாங்கி, 'நிக்கி' என்ற பெயரில் கார்களை வார்த்தது. அடித்தகட்டில் 'டிங்கி' என்றிருந்த இடத்தைச் சுரண்டிவிட்டுத்தான் வார்த்தார்கள். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்துகொண்டிருந்த 'ஸ்டாண்டர்டு 20' வேனின் பொம்மையும் இந்த நிக்கி வரிசையில் உண்டு. இங்கிலாந்தில் வேறு பெயரில் ஓடிய வண்டி, நம் ஊர்ப் பெயரைச் சூட்டிக்கொண்டு, இங்கிலாந்து அச்சிலேயே கல்கத்தாவில் மறுபிறவி எடுத்தது. உடம்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய கோடு 1968-ல் விழுந்தது. அந்த வருஷம் அமெரிக்காவில் மேட்டல் கம்பெனி 'ஹாட் வீல்ஸ்' என்று 16 கார்களைக் கொண்டுவந்தது. அவற்றின் விசேஷமெல்லாம் சக்கரத்தில்தான். குண்டூசியைப் போன்ற மெல்லிய ஆக்ஸில் கம்பி. அதில் உராய்வு அதிகமில்லாத பிளாஸ்டிக் சக்கரம். ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. லேசாகத் தட்டிவிட்டால் போதும், அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறக்கும். மேட்ச்பாக்ஸ் கார்களோ தடித்த கம்பியில் நிதானமாக உருளுபவை. எந்தப் பையன் இனி அவற்றைச் சீண்டுவான்? அமெரிக்காவில் லெஸ்னியின் வியாபாரம் ஆட்டம் கண்டது. அவசர அவசரமாக அவர்களும் மெல்லிய கம்பிக்கு மாறி, 1969-ல் 'சூப்பர்ஃபாஸ்ட்' என்ற புதுச் சக்கரத்தைக் கொண்டுவந்தார்கள். புது உடம்பு செய்ய நேரமில்லை. இருந்த அச்சுகளிலேயே வார்த்து, புதுக் காலை மாட்டி அனுப்பினார்கள். ஆகவே ஒரே கார், தடித்த கம்பியோடு இருந்தால் 1960-களின் பிள்ளை. மெல்லிய கம்பியோடு இருந்தால் 1969-க்குப் பிறகு பிறந்தது. இந்த ஒரு கோட்டில் மட்டும் நிபுணர்களுக்குள்ளும் சண்டை கிடையாது.

சென்ற வருஷம் ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைக்குட்டையை அவிழ்த்து மேஜைமேல் ஒரு பச்சைக் காரை வைத்தார். மேட்ச்பாக்ஸின் 31-ஆம் எண், லிங்கன் கான்டினென்டல். 1964-ல் வந்த வார்ப்பு. வர்ணம் மூலைகளில் உதிர்ந்திருந்தது. பின்பக்கத்து மூடி மட்டும் இன்னும் ஒழுங்காகத் திறந்து மூடிற்று.

"எங்க நைனா கப்பல்ல இருந்தாரு சார். அறுபத்தேழுல, எனக்கு அஞ்சு வயசு இருக்கறப்போ, வெளியூர்லயே தவறிட்டாரு. அவரு எனக்குன்னு வாங்கி வெச்ச வண்டி இது. கொஞ்சம் பெரியவனானதும் குடுக்கச் சொல்லியிருந்தாராம். மூணாங் கிளாஸ் படிக்கறப்போ அம்மா டிரங்குப் பெட்டியிலேர்ந்து எடுத்துக் குடுத்தாங்க. அவர் தொட்டதுன்னு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்" என்றார்.

அந்தக் காரை ஒரு கண்ணாடிப் பெட்டியில் போட்டு, தகப்பனார் படத்துக்குக் கீழே வைக்கப் போகிறாராம். அதன் அடியில் ஒட்டுவதற்கு ஒரு சீட்டில் வருஷத்தை எழுதித் தரவேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

காரைத் திருப்பினேன். ஆக்ஸில் கம்பி மெல்லியது.

சக்கரத்தை யாராவது மாற்றியிருப்பார்களோ என்று நுனிகளைப் பார்த்தேன். நான்கு முனைகளும் தொழிற்சாலையில் அடித்தபடியே இருந்தன. உப்புக்காற்றில் துரு ஏறியிருந்ததே தவிர, அரம் பட்ட அடையாளம் எங்கும் இல்லை. சூப்பர்ஃபாஸ்ட் சக்கரம். 1967-ல் இறந்தவர் அதை எந்தக் கடையிலும் வாங்கியிருக்க முடியாது. அப்போது அப்படி ஒரு சக்கரம் உலகத்திலேயே இல்லை.

நான் பேசாமல் இருந்தது அதிக நேரம் ஆகிவிட்டது போலும். "எதுவா இருந்தாலும் சொல்லுங்க சார்" என்றார் அவர்.

'சுமார் 1966' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது. யாரும் வந்து கேட்கப் போவதில்லை. கதை எழுதுகிறவனுக்குப் பொய்யும் புதிதல்ல. ஆனால் ஒருவர் கண்ணைப் பார்த்துக் கேட்கும்போது, கதையில் வரும் பொய்யும் சீட்டில் எழுதும் பொய்யும் ஒன்றாகிவிடுமா? தடித்த கம்பி உள்ள என்னுடைய கார் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, கம்பியைக் காட்டி, வருஷத்தையும் சொன்னேன்.

அவர் இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். துறைமுகத்தில் இரும்போடு பழகிய விரல்கள். நான் சொன்ன வித்தியாசம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ பர்மா பஜார் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

"வந்துவிட்டது. 1969."

பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காகத் துறைமுகத்தை ஒட்டிய சாலையில் போடப்பட்ட கடைகள் அவை. கப்பலில் வரும் வெளிநாட்டுச் சாமான் எதுவானாலும் சீக்கிரமே அங்கே கிடைக்கலாயிற்று. ராயபுரத்திலிருந்து நடந்தே போய் வந்துவிடலாம்.

"அம்மா இட்லி வித்துத்தான் எங்களக் காப்பாத்தினாங்க" என்றார் அவர். "அந்த வருஷம் நான் ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு ஒரே அடம். எல்லாப் பசங்களுக்கும் நைனா இருக்காங்க, எனக்கு இல்லேன்னு அழுதுட்டுத் திரும்பி வந்துடுவேன். இதக் குடுத்தப்புறம்தான் போனேன். அந்தத் தீவாளிக்கு அவங்க பொடவ எடுத்துக்கல. ஏன்னு அப்போ கேக்கல."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த அம்மாள் காலமாகி வெகுநாளாகிவிட்டதாம். எழுந்திருக்கும்போது காரைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, "வருஷத்த மட்டும் எழுதிக் குடுங்க சார். யாரு வாங்கினதுன்னு நான் எழுதிக்கறேன்" என்றார். 'சுமார் 1970' என்று எழுதிக் கொடுத்தேன்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை மீறியதற்கு எனக்குக் கொஞ்சம் உறுத்தல் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவரைப் பற்றி நினைக்கும்போது, அந்தப் பழமொழி கொடுத்தவரின் மானத்தைக் காப்பதற்காக ஏற்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே பல்லைப் பார்த்திராவிட்டால் கொடுத்தவர் யாரென்றே தெரியாமல் போயிருக்கும். எப்போது என்பதைத்தான் சக்கரம் சொல்லும். யார், எதற்காக என்பவற்றை வீட்டில் இருப்பவர்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருந்தால், தயவுசெய்து அதற்குப் புது வர்ணம் அடிக்காதீர்கள். துரு ஏறிய ஆக்ஸிலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். சக்கரம் ஆடுகிறதே என்று கழற்றி மாற்றவே மாற்றாதீர்கள். மெல்லிய துணியால் தூசியை மட்டும் துடைத்து, கடற்காற்று படாத இடத்தில் வையுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அது எப்படி வந்தது என்று அவர்களிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். அவர்கள் சொல்லும் வருஷத்தையும் சக்கரம் சொல்லும் வருஷத்தையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அடுத்த கேள்வியை மெதுவாகக் கேளுங்கள்.